ஆவிலா: மதிலுக்கு வெளியே ஒரு நாள்

ஸ்பெயினில் இருக்கிற ஆவிலாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் மதிலைப் பார்க்கத்தான் போகிறார்கள். நாங்களும் அதற்குத்தான் போனோம். ஆனால் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு யோசித்துப் பார்த்தால், அந்த ஊரில் எனக்குப் பிடித்த விஷயங்களில் முக்கால்வாசி மதிலுக்கு வெளியேதான் இருந்தன. இதை இவர் ஒத்துக்கொள்ள மாட்டார். இவரைப் பொறுத்தவரை மதில்தான் ஊர், மற்றதெல்லாம் அதை ஒட்டி முளைத்த வீடுகள். அதனால் இந்தப் பதிவை இவர் படிக்கும்போது பக்கத்தில் நான் இருக்கப் போவதில்லை.

மாட்ரிட்டில் இருந்துகொண்டு ஒரு நாளில் எங்கே போய்வரலாம் என்று கேட்டால் எல்லாரும் முதலில் கைகாட்டுவது தொலேதோவை, அடுத்து செகோவியாவை. இரண்டும் அருமையான ஊர்கள்தான், ஆனால் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஆவிலாவுக்குச் சமார்த்தின் நிலையத்திலிருந்து சாதாரண ரயில், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதிவேக ரயில் இல்லாததே ஒரு வரம். எஸ்கோரியல் தாண்டியதும் வண்டி மலையில் ஏறத் தொடங்குகிறது. பைன் மரங்கள், அப்புறம் மரங்களும் குறைந்து வீடு அளவு உருண்டைப் பாறைகள், அவற்றுக்கு நடுவே நாலைந்து கறுப்பு மாடுகள். ஊர் ஏறத்தாழ 1,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஸ்பெயினின் மாகாணத் தலைநகரங்களிலேயே அதுதான் உயரமானது. ஏப்ரல் மாதம், மாட்ரிட்டில் வெயில், எதற்கு இவ்வளவு துணி என்று இவர் கேட்டுக்கொண்டே வந்தார். ஆவிலா நடைமேடையில் இறங்கிய இரண்டாவது நிமிடம் என் சால்வை இவர் கழுத்தில் இருந்தது.

ரயிலடியிலிருந்து மதில் கண்ணில் படாது. அடுக்குமாடி வீடு, மருந்துக் கடை, வங்கி, மறுபடி அடுக்குமாடி வீடு என்று ஒன்றரை கிலோமீட்டர் போல நடக்க வேண்டும். “இதுக்கா வந்தோம்?” என்று இவர் கேட்டு முடிக்கும்போது ஒரு பெரிய சதுக்கம் திறக்கிறது. ஒரு பக்கம் சான் பேத்ரோ தேவாலயம், எதிர்ப்பக்கம் அல்காசார் வாசல். இரண்டு பெரிய கொத்தளங்கள், உச்சியில் இரண்டையும் இணைக்கும் ஒரு கல் பாலம். வாசலுக்குள் நுழைகிறவன் தலையில் கல்லோ வேறு எதுவோ போடுவதற்காகத்தான் அந்தப் பாலம். இவர் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார், அப்புறம் அரை மணி நேரம் பேச்சே இல்லை.

மதிலைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுற்றளவு இரண்டரை கிலோமீட்டர், ஒன்பது வாசல், எண்பத்தேழோ எண்பத்தெட்டோ கொத்தளம் (எண்ணுகிறவரைப் பொறுத்து மாறுகிறது). சுவர் சராசரியாகப் பன்னிரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் கனம். 1085இல் ஆறாம் அல்ஃபோன்சோ தொலேதோவைப் பிடித்த பிறகு, வடக்கே பாதி வெறிச்சோடிக் கிடந்த ஊர்களில் மறுபடி ஆள் குடியேற்ற வேண்டியிருந்தது. அந்த வேலை அரசரின் மருமகன் பர்கண்டி ரைமுந்தோவிடம் வந்தது. ஒன்பதே வருடத்தில் மதில் கட்டி முடிந்தது என்பது ஊர்க்கதை. இன்று கண்ணுக்குத் தெரிவதில் பெரும்பகுதி 12ஆம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள்.

எனக்குப் பிடித்தது அந்தக் கணக்கெல்லாம் இல்லை, கல். கிழக்குப் பக்கச் சுவரை ஒட்டி நடந்தால், மற்ற கற்களோடு ஒட்டாத சில கற்கள் தெரியும். சாம்பல் நிறக் கருங்கல்லில் செவ்வகமாக ஒரு குழி குடைந்திருக்கும், உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைக்கிற அளவு. ரோமானியர் காலத்தில் எரித்த பிணத்தின் சாம்பலை வைத்த கல் அது. பக்கத்திலேயே பழைய இடுகாடு இருந்திருக்கிறது. மதில் கட்டியவர்கள் மலைக்குப் போய்க் கல் வெட்டுவானேன் என்று கைக்கு எட்டிய சமாதிகளைப் பிரித்து அடுக்கிவிட்டார்கள். ஒரு கல்லில் எழுத்துகள் பக்கவாட்டில் கிடக்கின்றன, படிக்க வேண்டுமானால் தலையைச் சாய்க்க வேண்டும். நான் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றதை இவர் படம் எடுத்து வைத்திருக்கிறார். சான் விசென்தே வாசலின் அடியில் பாறையிலேயே செதுக்கிய ஒரு விலங்குச் சிலையும் உண்டு, ரோமானியருக்கும் முன்னால் இங்கே இருந்த வெத்தோன் மக்களுடையது. காட்டுப்பன்றி என்கிறார்கள். முகம் தேய்ந்துபோனதால் நமக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த வாசலுக்கு நேர் எதிரே, மதிலுக்கு வெளியே, சான் விசென்தே தேவாலயம். ஆவிலாவில் ஒரே ஒரு கட்டடத்துக்குள்தான் போக நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். விசென்தே என்ற இளைஞனும் அவன் தங்கைகள் சபீனா, கிரிஸ்தேத்தா இருவரும் நாலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமானியர் கிறிஸ்தவர்களை வேட்டையாடிய காலத்தில், இங்கே கொல்லப்பட்டதாக நம்பிக்கை. அவர்களுக்கு 12ஆம் நூற்றாண்டில் ஒரு நினைவுக் கல்லறை செய்து, வண்ணம் பூசி, பக்கங்களில் கதை முழுவதையும் செதுக்கியிருக்கிறார்கள். கைது, தப்பி ஓட்டம், பிடிபடுதல், சித்திரவதை, கடைசியில் தலையைப் பலகைகளுக்கு நடுவில் வைத்து நசுக்குவது வரை ஒவ்வொரு கட்டமும் வரிசையாக இருக்கிறது. அதற்கு அடுத்த கட்டம்தான் விசித்திரம். பிணங்களைக் கேலி செய்ய வந்த ஒரு யூதரைப் பாம்பு சுற்றிக்கொள்கிறது; பிழைத்தால் மதம் மாறிக் கோவில் கட்டுகிறேன் என்று வேண்டிக்கொள்கிறார், பாம்பு விட்டுவிடுகிறது, கோவில் எழும்புகிறது. கல்லறையின் கடைசி மூலையில் அவர் கல் கொத்திக்கொண்டிருக்கிறார். பாம்பை வைத்து மதம் மாற்றிய அந்தக் கதையைப் பார்த்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், ஏனென்றால் அதே ஊரில் அன்று சாயங்காலம் நாங்கள் பார்க்கப் போனது, மதம் மாறிய யூதர்களைத் துருவித் துருவித் தண்டித்த மதவிசாரணை மன்றத்தின் தலைவர் தொர்க்கெமாதா கட்டிய மடத்தை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பேராலயம் மதிலுக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை, மதிலிலேயே இருக்கிறது. ஸ்பெயினின் முதல் கோதிக் பேராலயம் என்று இதைச் சொல்வார்கள். பலிபீடம் இருக்கிற வட்டமான பின்பகுதி மதிலின் ஒரு கொத்தளமாகவே வெளியே பிதுங்கி நிற்கிறது. சிமோர்ரோ என்று பெயர். உள்ளே பூசை, வெளிப்பக்கம் காவல். வெளியே அவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறதே என்று உள்ளே போனால் அந்தப் பகுதியின் கல் வெள்ளையும் சிவப்புமாக, பச்சை இறைச்சியில் கொழுப்பும் சதையும் கலந்து தெரிவதைப் போல இருக்கிறது. இரும்புச்சத்து ஏறிய கல். ரத்தக் கல் என்று அங்கே சொல்கிறார்கள். பலிபீடத்துக்குப் பின்னால் அலோன்சோ தெ மாத்ரிகால் என்ற பிஷப்பின் கல்லறை. எல் தொஸ்தாதோ என்றால்தான் ஊருக்குத் தெரியும். அளவில்லாமல் எழுதிக் குவித்த மனிதர், இன்றும் ஸ்பெயினில் அதிகமாக எழுதுகிறவரை “தொஸ்தாதோவையும் மிஞ்சிவிட்டான்” என்பார்களாம். சிற்பி வாஸ்கோ தெ லா சார்சா அவரைச் செத்துப் படுத்திருக்கிற மாதிரி செதுக்காமல், மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிற மாதிரி செதுக்கியிருக்கிறார். மேலங்கியின் பூவேலை ஒவ்வொன்றும் தெரிகிறது.

உள்முற்றத்தில் அடோல்ஃபோ சுவாரெஸ் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார், மனைவி அம்பாரோவோடு ஒரே கல்லறையில். பிராங்கோவின் சர்வாதிகாரம் முடிந்து ஸ்பெயின் ஜனநாயகத்துக்குத் திரும்பிய நாட்களில் பிரதமராக இருந்தவர், இந்த மாகாணத்துக்காரர். மாட்ரிட் விமான நிலையத்துக்கு இவர் பெயர்தான். கல்லில் ஒரே ஒரு வரி: “இணக்கம் சாத்தியமாயிற்று.” பக்கத்தில் நின்ற வயதான ஸ்பானியத் தம்பதியில் அந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டார், அந்த ஐயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

சரி, மதில் மேல் ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் இவர் விடமாட்டார். பழைய கசாப்புக் கூடக் கட்டடத்தில் சீட்டு வாங்கி ஏறினால், வடக்குப் பக்கமாக நீண்டு மேற்கே பாலத்து வாசல் வரைக்கும் நடக்கலாம். படிகள் செங்குத்து, ஒவ்வொரு கொத்தளத்திலும் ஏற வேண்டும், இறங்க வேண்டும், முட்டிவலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். இவர் எல்லாக் கொத்தளத்திலும் ஏறினார். நான் ஓரிரண்டில் ஏறிவிட்டு மற்றதற்கெல்லாம் கீழே நின்று “ஏங்க, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு, இறங்கி வாங்க” என்றேன். “ஒரே மாதிரி இல்லம்மா, இங்க வந்து பாரேன், ஆறு தெரியுது” என்று மேலிருந்து பதில். காற்றில் பாதி வார்த்தைதான் வந்தது.

மேலே நடக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. உள்ளே கிழக்குப் பாதியில் அரண்மனைகள், மண்டபங்கள், கோபுரங்கள், நாரைக் கூடுகள் எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. மேற்கே ஆற்றை நோக்கி இறங்க இறங்க வீடுகள் சிறுத்து, காலி மனைகளும் கொடியில் காயும் துணிகளுமாக ஆகிவிடுகிறது. பெரிய குடும்பங்கள் எல்லாம் வாசல்களை ஒட்டி, மதிலில் முதுகைச் சாய்த்து வீடு கட்டிக்கொண்டன. ஆபத்து வந்தால் அவரவர் பக்கத்து வாசலை அவரவர் காக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நடுத்தரமும் ஏழையும் கைத்தொழில்காரரும் பெரும்பாலும் வெளியேதான். பின்னால் ஊருக்கு வறுமை வந்தது, ஆள் குறைந்தது, மதிலை இடித்து விரிவாக்க வேண்டிய தேவையே வரவில்லை. வசதியாக இருந்த எத்தனையோ ஐரோப்பிய ஊர்கள் 19ஆம் நூற்றாண்டில் தங்கள் மதிலை இடித்துத் தள்ளிச் சாலை போட்டுக்கொண்டன. ஆவிலாவின் மதில் 1884இல் தேசிய நினைவுச் சின்னம் ஆகிவிட்டது, 1985இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. வீரத்தால் கட்டப்பட்டு வறுமையால் பிழைத்த மதில் என்று நான் சொன்னதற்கு, “கட்டினவங்களுக்கு மரியாதை கொடு” என்றார் இவர்.

கட்டியவர்களை விடுங்கள், காப்பாற்றியவர்கள் பற்றி ஒரு கதை இருக்கிறது. ஆண்கள் எல்லாரும் போருக்குப் போயிருந்த நேரத்தில் மூர்களின், அதாவது அன்று ஸ்பெயினின் தெற்கை ஆண்ட முஸ்லிம்களின், படை ஊரை நெருங்கியது. ஹிமேனா பிளாஸ்கேஸ் என்ற பெண் ஊர்ப் பெண்களைத் திரட்டி, தலையில் ஆண்கள் தொப்பியும் முகத்தில் பொய்த் தாடியும் வைத்து மதில் மேல் வரிசையாக நிறுத்தினாளாம். கீழே வந்தவர்கள் உள்ளே பெரும்படை இருக்கிறது என்று நம்பித் திரும்பிப் போய்விட்டார்கள். சரித்திரமா என்றால் இல்லை, ஊர்க்கதை. ஆனால் அந்தக் காற்றில் தொப்பி எப்படித் தலையில் நின்றது என்பதுதான் என் சந்தேகம். என் சால்வையே நிற்கவில்லை, அதுவும் இவர் கழுத்தில்.

பாலத்து வாசலில் இறங்கி, அதாஹா ஆற்றைக் கடந்து கொஞ்சம் மேடேறினால் நான்கு தூண்கள். குவாத்ரோ போஸ்தேஸ். நடுவில் ஒரு கல் சிலுவை, 1566இல் எழுப்பியது. அங்கிருந்து பார்த்தால்தான் மதில் மொத்தமும் ஒரே பார்வையில் விழும், அஞ்சலட்டையில் வரும் படம் அதுதான். மதிலைப் பார்க்க மதிலை விட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வர வேண்டியிருக்கிறது என்று இவரிடம் சொல்லிக் காட்டினேன், கேமராவைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார்.

இந்த இடத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர் தெரேசா. நம்மூரில் தெரேசா என்றால் கொல்கத்தா அன்னைதான் நினைவுக்கு வருவார்; இவர் 1515இல் இந்த ஊரில் பிறந்தவர், நம்மூர்க் கத்தோலிக்கர்கள் அவிலா தெரேசம்மாள் என்பார்கள். ஏழு வயதில் அண்ணன் ரொத்ரிகோவை இழுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினார். எதற்கு? மூர்கள் நாட்டுக்குப் போய்த் தலை வெட்டுப்பட்டு, நேராக மோட்சம் போவதற்கு. சித்தப்பா ஒருவர் இந்த மேட்டில்தான் பிடித்து இழுத்துவந்தார் என்பார்கள். பல வருடம் கழித்து ஊரோடு மனஸ்தாபப்பட்டுக் கிளம்பும்போது, இங்கே நின்று செருப்பைக் கழற்றித் தட்டி, “ஆவிலாவின் தூசிகூட வேண்டாம்” என்றதாகவும் கதை. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் ஊர் அவரைப் படுத்திய பாட்டைப் பார்த்தால் சொல்லியிருந்தாலும் தப்பில்லை.

மதியச் சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆவிலாவில் எங்கே பார்த்தாலும் சுலெத்தோன் படம், எலும்போடு கூடிய மாட்டிறைச்சித் துண்டு, இரண்டு பேர் சேர்ந்தாலும் முடிக்க முடியாத அளவு. இவர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. அதனால் பத்தாத்தாஸ் ரெவோல்கோனாஸ் சொன்னோம். வெந்த உருளைக்கிழங்கைப் பூண்டும் புகைபோட்ட மிளகாய்த்தூளும் சேர்த்து மசித்து, மேலே பொரித்த பன்றிக்கொழுப்புத் துண்டுகளை நட்டுக் கொண்டுவருகிறார்கள். கொழுப்பு எல்லாம் என் தட்டுக்கு வந்தது, மசியல் எல்லாம் இவர் தட்டுக்குப் போனது. இரண்டு மணிக்கு முன்னால் யாரும் சாப்பிடுவதில்லை, நாலு மணி வரைக்கும் பல இடங்களில் கதவும் திறக்காது, அதைக் கணக்கில் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

மத்தியானம் என்கார்னாசியோன் மடம். அதுவும் மதிலுக்கு வெளியேதான், வடக்கே. தெரேசா 1535இல் இங்கே சேர்ந்து முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தார். மடம் என்றாலும் உள்ளே மேல் கீழ் உண்டு: பணக்கார வீட்டுப் பெண்களுக்குத் தனி அறை, வேலைக்காரி, விருந்தாளி, ஏழைப் பெண்களுக்குப் பொதுக்கூடம். அது பிடிக்காமல்தான் 1562இல் நாலே நாலு பெண்களோடு சான் ஹோசே மடத்தைத் தொடங்கினார். சொத்து இல்லை, வருமானம் இல்லை, வருகிற தர்மத்தில் வாழ்வது. ஊர்ச்சபை கொதித்தெழுந்தது, இன்னொரு மடத்துக்கும் நாங்கள் படியளக்க வேண்டுமா என்று வழக்கே போட்டார்கள். இன்று அதே ஊரில் பாதிக் கடைப்பலகையில் அவர் பெயர்.

என்கார்னாசியோனில் எனக்கு மனதில் நின்றது ஒரு சின்னக் காகிதம். தெரேசா பின்னாளில் இங்கே மடத்தலைவியாக இருந்தபோது சிலுவையின் யோவான் இங்கே பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவாக இருந்தார். அவர் வரைந்த சிலுவையில் தொங்கும் இயேசு, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. நேராகப் பார்த்து வரையவில்லை, மேலே ஒரு மூலையிலிருந்து குனிந்து பார்ப்பதுபோல. தலை முன்னால் சரிந்து, உடம்பின் பாரம் கையை இழுப்பது தெரிகிறது. சல்வதோர் தாலி 1951இல் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் இதிலிருந்து பிறந்ததுதான். அது கிளாஸ்கோவில் பெரிதாகத் தொங்குகிறது, இது இங்கே கண்ணாடிக்குப் பின்னால். தெரேசாவின் விரல் ஒன்றும் ஊரில் வேறொரு இடத்தில் மோதிரத்தோடு வைத்திருக்கிறார்கள். நான் போகவில்லை, இவர் போய்ப் பார்த்துவிட்டு “பார்த்திருக்க வேண்டாம்” என்று திரும்பி வந்தார்.

கடைசியாகச் சான்தோ தொமாஸ். ஊரின் தென்கிழக்கே, இதுவும் வெளியே. அரசர் ஃபெர்டினண்டும் அரசி இசபெல்லாவும் கோடைக்கு வந்து தங்கிய மடம். அவர்களின் ஒரே மகன் ஹுவான் 1497இல், பத்தொன்பது வயதில், கல்யாணமான சில மாதங்களிலேயே செத்துப்போனான்; இத்தாலியச் சிற்பி ஃபான்செல்லி செதுக்கிய வெள்ளைக் கல்லறை பலிபீடத்துக்கு முன்னால் இருக்கிறது. எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். ஆனால் இந்த மடத்தில்தான் மதவிசாரணை மன்றத்தின் முதல் தலைமை விசாரணையாளர் தொர்க்கெமாதா 1498இல் செத்தார், இங்கேதான் புதைத்தார்கள். இதைக் கட்டி எழுப்பியதில் அவருக்குப் பெரும்பங்கு.

இப்போது காலையில் பார்த்த பாம்புக் கதைக்கு வருகிறேன். தெரேசாவின் தாத்தா தொலேதோவில் துணி வியாபாரி, யூதராக இருந்து கிறிஸ்தவரானவர். ரகசியமாகப் பழைய மதத்தைக் கடைப்பிடித்தார் என்று 1485இல் விசாரணை மன்றம் அவரைத் தண்டித்தது. மஞ்சள் தண்டனை அங்கியோடு ஏழு வெள்ளிக்கிழமை ஊர்த் தேவாலயங்களுக்கு ஊர்வலமாக நடக்க வேண்டும். அப்போது அந்த மன்றத்தின் தலைவர் தொர்க்கெமாதா. அவமானம் தாங்காமல் தாத்தா குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்த ஊர்தான் ஆவிலா. பிள்ளைகள் வழக்காடிப் பிரபுப் பட்டம் வாங்கிக்கொண்டார்கள், பழைய கதையை யாரும் பேசவில்லை. அந்த வீட்டுப் பேத்தி எழுதிய தன்வரலாறும் பின்னாளில் அதே மன்றத்தின் பெட்டிக்குள் வருடக்கணக்கில் கிடந்தது. 1622இல் அவரைப் புனிதர் ஆக்கினார்கள், 1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டமும் கொடுத்தார்கள். தொர்க்கெமாதாவின் கல்லறையை 19ஆம் நூற்றாண்டில் யாரோ உடைத்துவிட்டார்கள். உள்ளே எலும்பு இல்லை.

இவ்வளவையும் இவரிடம் ரயிலடிக்கு நடந்துகொண்டே சொன்னேன். “தாத்தா கதை தெரிஞ்சிருந்தா புனிதர் ஆக்கியிருப்பாங்களா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தத் தண்டனைக்கான ஆவணங்கள் வெளியே வந்ததே 20ஆம் நூற்றாண்டில்தான். இன்னொரு துணுக்கு: அவர் இறந்தது 1582 அக்டோபர் 4 இரவு. நாட்காட்டியைத் திருத்திய நாள் அது, மறுநாள் விடிந்தபோது அக்டோபர் 15. அதனால் திருவிழா அக்டோபர் 15இல்.

போகிறவர்களுக்கு: யேமாஸ் வாங்காமல் வராதீர்கள். முட்டை மஞ்சள்கருவைச் சர்க்கரைப் பாகில் கிளறி, எலுமிச்சையும் பட்டையும் காட்டி, உருட்டிக் காகிதக் கிண்ணத்தில் வைத்துத் தருகிறார்கள். முட்டை வாசனை அடிக்கும் என்று பயந்தேன், அடிக்கவில்லை. ஆறு வாங்கினால் போதும், டஜன் வாங்கினால் திகட்டும். மாட்ரிட்டில் உங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் மிச்சம் என்றால் தொலேதோவுக்கே போங்கள், அதில் எனக்கு வழக்கு இல்லை. இரண்டு நாள் இருந்தால் இரண்டாவது நாளை ஆவிலாவுக்குக் கொடுங்கள். மதில் மேல் ஒரு மணி நேரம் போதும். மிச்ச நேரத்தைச் சான் விசென்தேவுக்கும் என்கார்னாசியோனுக்கும் வையுங்கள். கூட வருகிறவர் எல்லாக் கொத்தளத்திலும் ஏற வேண்டும் என்று அடம்பிடித்தால் அவரை அங்கேயே விட்டுவிட்டு நீங்கள் கிளம்புங்கள், ஊர் சின்னது, தொலைந்துபோக மாட்டார்.